மேக்னட்ரான் மேல் பழி போடும் முன்

கேள்வி: எங்கள் வீட்டு மைக்ரோவேவுக்கு எட்டு வயது. 28 லிட்டர், கன்வெக்‌ஷன் வகை (கேக்கும் செய்யலாம்), 900 வாட். மூன்று வாரத்துக்கு முன் பால் சுடவைத்தபோது திடீரென்று ‘கொர்ர்ர்’ என்று உறுமியது. அன்று முதல் விளக்கு எரிகிறது, தட்டு சுற்றுகிறது, அந்த உறுமலும் கேட்கிறது; உள்ளே வைத்தது மட்டும் சூடாவதில்லை. கேக் செய்யும் முறையில் வைத்தால் அனல் வருகிறது. வந்து பார்த்த மெக்கானிக் இரண்டு நிமிடம் ஓடவிட்டுக் கேட்டார். “சூடாக்கும் அலையை உண்டாக்கும் மேக்னட்ரான் போய்விட்டது, 4,800 ரூபாய் ஆகும்” என்றார். எட்டு வருடப் பெட்டிக்கு இவ்வளவு செலவு எதற்கு, புதிதாக வாங்கித் தருகிறேன் என்கிறான் பெங்களூரில் இருக்கும் மகன். அனல் மின் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற என் கணவர், “நானே கழற்றிப் பார்க்கிறேன்” என்று திருப்புளியை எடுத்து வைத்திருக்கிறார். வீட்டில் நாங்கள் இருவர்தான். குழம்பும் சோறும் பாலும் சுடவைப்போம், அப்பளம் சுடுவோம். எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்குக் கால் மணி நேரம் ஓடும். கேக் இரண்டு முறை செய்ததோடு சரி. தட்டுக்கு அடியில் ஓரிடத்தில் துரு தெரிகிறது. என்ன செய்யலாம்?

– ஓய்வுபெற்ற ஆசிரியை, தூத்துக்குடி

பதில்: வணக்கம் அம்மா. ஐயா எடுத்து வைத்திருக்கும் திருப்புளியை முதலில் இருந்த இடத்திலேயே வைக்கச் சொல்லுங்கள். அனல் மின் நிலையத்தில் இருந்தவருக்கு மின்சாரத்தைப் பற்றிப் பாடம் எடுக்கும் தகுதி எனக்கு இல்லை. ஆனால் மின்விசிறியையும் மிக்சியையும் கழற்றிப் பழகிய கை, பிளக்கைப் பிடுங்கிவிட்டால் ஆபத்து போய்விட்டது என்று நினைக்கும். மைக்ரோவேவில் அந்த நினைப்பு ஆளைக் கொன்றுவிடும். உள்ளே உள்ளங்கை அளவில் தகர டப்பா போல, மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் ஒரு கெபாசிட்டர் இருக்கிறது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதில் ஆயிரக்கணக்கான வோல்ட் தங்கி நிற்கலாம். அதை மெல்ல வடித்துவிட டப்பாவுக்குள்ளேயே ஒரு ரெசிஸ்டர் வைத்திருப்பார்கள். அந்த ரெசிஸ்டர் அறுந்துபோயிருந்தால் வெளியிலிருந்து பார்க்கிறவனுக்குத் தெரியாது.

என் கடைச் சுவரில் ஒரு பழைய ஸ்குரூடிரைவர் தொங்குகிறது. அதன் நுனியில் எள்ளளவு பள்ளம். தொழிலுக்கு வந்த புதிதில், முந்தின நாள் மாலையே பிளக்கைப் பிடுங்கி வைத்த பெட்டிதானே என்ற தைரியத்தில், அந்த டப்பாவின் இரண்டு முனைகளையும் அதன் நுனியால் சேர்த்துத் தொட்டேன். சத்தம் கேட்டு எதிர்க்கடைக்காரர் எழுந்து வந்துவிட்டார். பிடி ரப்பராக இருந்ததால் இன்று உங்களுக்குப் பதில் எழுதிக்கொண்டிருக்கிறேன். கடைக்கு வரும் பையன்களுக்கு நான் காட்டும் முதல் பாடம் அந்தப் பள்ளம்தான்.

இன்னொன்று. மூன்று வாரமாக உறுமுகிறது என்கிறீர்கள். இடையிடையே “இன்றைக்காவது சூடாகிறதா பார்க்கலாம்” என்று ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தால் இத்தோடு நிறுத்துங்கள். அந்த உறுமல் டிரான்ஸ்பார்மர் தாங்க முடியாத சுமையை இழுக்கும் சத்தம். இப்படியே ஓட்டினால் அதன் சுருள் கருகும். நூறு ரூபாய் உதிரிப் பாகத்தில் முடிய வேண்டிய வேலை டிரான்ஸ்பார்மர் விலையில் போய் நிற்கும். கேக் முறை வேலை செய்கிறதே என்று அதையும் ஓட்ட வேண்டாம். பிளக்கைப் பிடுங்கி வையுங்கள்.

இனி உங்கள் பெட்டிக்கு வருவோம். ஆசிரியை அல்லவா, நோயின் அறிகுறிகளை ஒழுங்காக எழுதியிருக்கிறீர்கள். மெக்கானிக் இரண்டு நிமிடம் கேட்டுவிட்டுச் சொன்னதைவிட உங்கள் கடிதத்தில் அதிகம் இருக்கிறது. கேக் முறையில் அனல் வருகிறது என்றால் கட்டுப்பாட்டு போர்டு, கதவு சுவிட்சுகள், ஃபியூஸ் எல்லாம் நலம். உறுமுகிறது என்றால் டிரான்ஸ்பார்மர் வரை மின்சாரம் போய்ச் சேர்கிறது. இப்போது சில வகைப் பெட்டிகளில் டிரான்ஸ்பார்மருக்குப் பதில் இன்வெர்ட்டர் போர்டு வருகிறது. உங்களுடையது அந்த வகை இல்லை என்பதற்கும் அந்த உறுமலே சாட்சி. ஆகப் பழுது டிரான்ஸ்பார்மருக்கு அப்பால். அங்கே இருப்பவர்கள் மூன்றே பேர்: கெபாசிட்டர், டயோடு, மேக்னட்ரான்.

வீட்டுக்கு வரும் 230 வோல்ட்டை டிரான்ஸ்பார்மர் சுமார் 2000 வோல்ட்டாக ஏற்றுகிறது. கெபாசிட்டரும் டயோடும் சேர்ந்து அதை 4000 வோல்ட்டை ஒட்டிக் கொண்டுபோய் மேக்னட்ரானுக்குக் கொடுக்கின்றன. இதில் டயோடின் வேலை கிணற்று மோட்டாரின் ஃபுட் வால்வு செய்யும் வேலைதான். ஏறிய தண்ணீரைத் திரும்ப இறங்கவிடாது. ஃபுட் வால்வு பழுதானால் என்ன ஆகும்? மோட்டார் ஓடும், சத்தமும் போடும், தொட்டிக்குத் தண்ணீர் மட்டும் ஏறாது. டயோடு ஷார்ட் ஆனாலும் அதே கதை. கெபாசிட்டர் ஷார்ட் ஆனாலும், மேக்னட்ரான் உள்ளுக்குள் ஷார்ட் ஆனாலும் ஏறத்தாழ இதே உறுமல்தான் வரும். காதால் கேட்டு இந்த மூவரில் யார் என்று சொல்ல என்னால் முடியாது. உங்கள் மெக்கானிக்கால் முடிந்திருக்கிறது.

அவர் சொன்னது தப்பு என்று நான் சொல்லவில்லை. மேக்னட்ரானாகவே இருக்கலாம். ஆனால் எனக்குச் சந்தேகம் வர ஒரு காரணம் உண்டு. மேக்னட்ரான் பழைய வால்வு ரேடியோவின் வால்வு குடும்பத்தைச் சேர்ந்தது. இரண்டாம் உலகப் போர்க்கால ரேடாரிலிருந்து சமையலறைக்கு வந்த பொருள். அதற்குள் இருக்கும் இழை தேயத் தேய, சூடு படிப்படியாகக் குறையும். இரண்டு நிமிடத்தில் கொதித்த டீ மூன்று நிமிடம் கேட்கும், பிறகு நான்கு. உங்கள் வீட்டில் அப்படி நடக்கவில்லை. நேற்று வரை நன்றாக இருந்தது, இன்று உறுமியது. அதன் ஆயுள் சுமார் 2000 மணி நேரம் என்பது எங்கள் தொழிலில் புழங்கும் கணக்கு. நீங்கள் சொல்லும் நாளுக்குக் கால் மணி நேரம் என்றால் வருடத்துக்கு 91 மணி நேரம்; எட்டு வருடத்துக்கு 730. பாதி ஆயுள்கூட ஆகவில்லை. இந்தக் கணக்கு எதையும் நிரூபிக்காது. மேக்னட்ரானும் அகாலத்தில் போவதுண்டு. ஆனால் மீட்டர் வைத்துப் பார்க்காமல் 4,800 ரூபாயை எடுத்து நீட்டாமல் இருக்க இந்தச் சந்தேகம் போதும்.

அதனால் வேறொரு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள், அல்லது பெட்டியையே கடைக்குக் கொண்டு போங்கள். ஐயாவையும் கூட அனுப்புங்கள். அவர் கை வைக்க வேண்டாம், கண் வைத்தால் போதும். மேல்மூடியைக் கழற்றியதும் மெக்கானிக் முதலில் கெபாசிட்டரை வடிக்கிறாரா என்று பார்க்கட்டும். அதைச் செய்யாமல் உள்ளே கை விடுகிறவரிடம் பெட்டியைக் கொடுக்க வேண்டாம். பிறகு டயோடின் வயரைக் கழற்றி, மீட்டரின் முனைகளை ஒரு தரமும் மாற்றி ஒரு தரமும் வைத்துப் பார்ப்பார். இரண்டு பக்கமும் பூஜ்யம் காட்டினால் அதுதான் குற்றவாளி. இதில் ஒரு நுணுக்கம் உண்டு: இந்த டயோடு பல சின்ன டயோடுகளை அடுக்கி ஒன்றாக்கியது. சாதாரண மீட்டரின் சிறு வோல்ட் அதைத் தாண்டாது. அதனால் மீட்டர் எதுவும் காட்டாவிட்டால் டயோடு நல்லது என்று அர்த்தமில்லை. 9 வோல்ட் பேட்டரி ஒன்றைத் தொடரில் சேர்த்துப் பார்க்க வேண்டும். உங்கள் மெக்கானிக் அந்தப் பேட்டரியைத் தேடி எடுத்தால் நல்ல ஆளிடம் வந்திருக்கிறீர்கள்.

மேக்னட்ரானுக்கும் சோதனை எளிது. வயரைக் கழற்றிவிட்டு அதன் இரண்டு முனைகளுக்கு இடையே பார்த்தால் ஒரு ஓமுக்கும் குறைவாகக் காட்ட வேண்டும். முனைக்கும் அதன் உலோக உடம்புக்கும் இடையே தொடர்பே இருக்கக் கூடாது. தொடர்பு காட்டினால் போய்விட்டது, பேச்சே இல்லை. கழற்றிப் பார்த்தால் காந்த வளையத்தில் விரிசலோ, தலையில் இருக்கும் தொப்பியில் உருகிய ஓட்டையோ கண்ணுக்கே தெரிவதும் உண்டு.

உங்கள் உறுமலுக்குப் பொருந்தாவிட்டாலும் மற்ற வாசகர்களுக்காக ஒன்றைச் சொல்கிறேன். சத்தமே இல்லாமல் சூடு நின்றுபோன பெட்டிகளில், மேக்னட்ரான் முனையில் மாட்டியிருக்கும் வயரின் கிளிப் தளர்ந்து கருகியிருப்பதைப் பல முறை பார்த்திருக்கிறேன். கருகிய முனையை வெட்டிவிட்டுப் புதுக் கிளிப்பை அழுத்திப் பொருத்தினால் பழையபடி ஓடும். அந்தக் கிளிப்பின் விலையைச் சொல்ல எனக்கே வெட்கமாக இருக்கும். அதைப் பார்க்காமல் மேக்னட்ரானை மாற்றினாலும் பெட்டி ஓடத்தான் செய்யும், ஏனென்றால் மாற்றும்போது கிளிப்பும் சரியாகிவிடும். வாடிக்கையாளருக்கு உண்மை தெரியவே தெரியாது.

சரி, காசு. நான் சொல்லும் தொகை எங்கள் மதுரைப் பக்கத்துக் கணக்கு. ஊருக்கு ஊர், பிராண்டுக்குப் பிராண்டு கொஞ்சம் முன்பின் ஆகும். டயோடு நூறு ரூபாயை ஒட்டி. கெபாசிட்டர் முந்நூறு, நானூறு. கூலியும் சேர்த்து இரண்டில் எதுவானாலும் ஆயிரத்துச் சொச்சத்தில் வேலை முடிய வேண்டும். மேக்னட்ரான் என்றால் வெளிச்சந்தையில் கிடைக்கும் நல்ல சரக்கு, கூலி எல்லாம் சேர்த்து 2,500 முதல் 3,000. நிறுவனத்தின் சர்வீஸ் சென்டரே அசல் பாகம் போட்டு வாரண்டியும் கொடுத்தால் 4,800 என்பது அநியாயம் என்று சொல்ல மாட்டேன். தெருமுனைக் கடையில் அந்தத் தொகை கேட்டால் சொல்வேன்.

பழுதுச் செலவு புதுப் பெட்டி விலையில் பாதிக்கு மேல் போனால் புதிது வாங்கு என்று ஒரு பொது விதி உண்டு. கெட்ட விதி அல்ல. ஆனால் ‘புதுப் பெட்டி’ என்று எதை வைத்துக்கொள்கிறோம் என்பதில்தான் எல்லோரும் ஏமாறுகிறார்கள். உங்கள் மகன் 28 லிட்டர் கன்வெக்‌ஷனின் விலையை மனதில் வைத்திருப்பார், பன்னிரண்டு, பதினைந்தாயிரம். அதோடு ஒப்பிட்டால் 4,800 மலிவாகத் தோன்றும். நீங்கள் இருவர். எட்டு வருடத்தில் இரண்டு கேக். குழம்பும் பாலும் சுடவைக்க 20 லிட்டர் சோலோ வகை, அதாவது கேக் முறை இல்லாத பெட்டி, போதும். ஆறாயிரம், ஏழாயிரத்தில் புதிதாகவே வந்துவிடும், இடமும் குறைவாக அடைக்கும். அதோடு ஒப்பிட்டால் அதே 4,800 பாதியைத் தாண்டிவிட்டது. நீங்கள் ஒப்பிட வேண்டியது இந்தப் பெட்டியோடு.

காசுக் கணக்குக்கும் முன்னால் நிற்கும் கணக்கு ஒன்று இருக்கிறது. கடிதத்தின் கடைசியில் போகிறபோக்கில் துரு என்று எழுதியிருக்கிறீர்களே, அது. மதுரையில் பத்து வருடம் ஓடிய பெட்டியின் உள்ளே பார்த்தால் தூசி இருக்கும், பல்லி இருக்கும். கடற்கரை ஊர்களிலிருந்து வரும் பெட்டிகளில் அவற்றோடு துருவும் இருக்கும். உப்புக் காற்று ஒரு பக்கம், உள்ளே வேர்க்கும் ஆவி ஒரு பக்கம். தட்டைத் தாங்கும் வளையத்தின் சின்னச் சக்கரங்கள் ஒரே வட்டத்தில் ஓடி ஓடி அந்த இடத்துப் பூச்சைத் தேய்க்கும். சிந்திய குழம்பு அங்கே தேங்கும். துரு அங்கேதான் தொடங்கும்.

பிளக்கைப் பிடுங்கிவிட்டு, தட்டையும் வளையத்தையும் எடுத்துவிட்டு, ஈரத்துணியால் துடைத்துக் காயவிடுங்கள். பிறகு பல்குத்தும் குச்சியால் துரு இருக்கும் இடத்தை அழுத்திப் பாருங்கள். தகடு கெட்டியாக இருந்து மேலே மட்டும் செதில் செதிலாக உதிர்ந்தால் பயமில்லை. உப்புத்தாளால் தேய்த்துவிட்டு, மைக்ரோவேவ் உட்புறத்துக்கென்றே விற்கும் பூச்சை அடித்துக்கொள்ளலாம்; ஜன்னலுக்கு அடித்து மீந்த எனாமலை அடிக்க வேண்டாம். குச்சி உள்ளே இறங்கினாலோ, தகடு அப்பளம் போல நொறுங்கினாலோ, மூவரில் யார் குற்றவாளி என்று பார்க்க வேண்டிய தேவையே இல்லை. பழுது பார்க்காதீர்கள். அந்த உலோகப் பெட்டிதான் அலையை உள்ளே அடைத்து வைத்திருக்கிறது. அதில் ஓட்டை விழுந்த பிறகு நூறு ரூபாய் டயோடு மாற்றுவதும் வீண்.

வாரண்டி அட்டையைத் தேடி எடுங்கள். எட்டு வருடம் ஆகிவிட்டதே என்று விட்டுவிடாதீர்கள். பொது வாரண்டி ஒரு வருடம்தான் இருக்கும். மேக்னட்ரானுக்கு மட்டும் சில நிறுவனங்கள் கூடுதல் ஆண்டுகள் தருவதுண்டு. அறையின் உட்பூச்சுக்குப் பத்து ஆண்டு தருகிற நிறுவனமும் இருக்கிறது. உங்களுடையது அந்த வகையாக இருந்தால் துருப்பிடித்த இடமே உங்களுக்கு ஆதாயமாக அமையலாம். அட்டை கிடைக்காவிட்டால், பெட்டியின் பின்புறம் ஒட்டியிருக்கும் மாடல் எண்ணையும் வரிசை எண்ணையும் சொல்லி நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவையில் கேளுங்கள்.

துருவுக்கு அடுத்து கதவு. கதவைத் திறந்து இலேசாக மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள், கீல் ஆடுகிறதா? ஓரத்தில் இருக்கும் இரண்டு பிளாஸ்டிக் கொக்கிகளில் ஒன்று உடைந்திருக்கிறதா? கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் புள்ளிப் புள்ளி உலோகத் தகட்டில் கிழிசலோ துருவோ உண்டா? மைக்ரோவேவ் அலையின் நீளம் சுமார் 12 சென்டிமீட்டர். அந்தப் புள்ளித் துளை ஓரிரண்டு மில்லிமீட்டர்தான். அதனால்தான் நாம் உள்ளே எட்டிப் பார்க்க முடிகிறது, அலை வெளியே வர முடிவதில்லை. கதவைத் திறந்த பிறகும் ஒரு பெட்டி ஓடிக்கொண்டிருந்தால் அந்த நொடியே சுவிட்சை அணைத்துவிட வேண்டும். அது அபூர்வம், கதவுக்குப் பின்னால் மூன்று சுவிட்சுகள் ஒன்றையொன்று காவல் காக்கின்றன. முதலிரண்டும் ஒட்டிக்கொண்டு மின்சாரத்தைத் துண்டிக்காமல் போனால் மூன்றாவது வேண்டுமென்றே ஷார்ட் செய்து ஃபியூஸை எரித்துவிடும். “கதவைத் திறந்தேன், எல்லாமே அணைந்துவிட்டது” என்று வருகிறவர்களுக்குப் பெரும்பாலும் இந்தச் சுவிட்சும் ஒரு ஃபியூஸும்தான் செலவு.

கதவு இடுக்கில் காகிதத்தை வைத்து இழுத்துப் பார்ப்பது ஃபிரிட்ஜ் ரப்பருக்குச் சரி, இங்கே அர்த்தமில்லை. மைக்ரோவேவ் கதவு இறுக்கத்தால் அலையைத் தடுப்பதில்லை, ஓரத்தில் இருக்கும் பள்ளத்தின் அளவால் தடுக்கிறது. உள்ளே செல்பேசியை வைத்து வெளியிலிருந்து அழைத்துப் பார்ப்பதும் வீண். மிக மெல்லிய சமிக்ஞையையும் பிடிக்கும்படி செய்ததுதான் செல்பேசி. நல்ல பெட்டிக்குள்ளும் அது அடிக்கலாம். உண்மையில் பார்க்க வேண்டுமானால் கசிவு மீட்டர் வைத்திருக்கும் மெக்கானிக்கிடம் காட்டுங்கள். ஐந்து சென்டிமீட்டர் தூரத்தில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 5 மில்லிவாட் என்பது எல்லை.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் இப்படிச் செய்வேன். தகட்டில் ஓட்டை என்றால் இன்றே புதிது. தகடும் கதவும் நலம், பழுது டயோடோ கெபாசிட்டரோ என்றால் இரண்டாவது யோசனையே இல்லாமல் பழுது பார்ப்பேன். மகனிடம் பிறகு சொல்லிக்கொள்ளலாம். எல்லாம் நலம், ஆனால் மேக்னட்ரான்தான் போயிருக்கிறது என்றால், மதுரைக்காரர் யாராவது கேட்டால் மூவாயிரத்துக்குள் முடிந்தால் மாற்றிக்கொள்ளுங்கள் என்பேன். தூத்துக்குடிக்கு அப்படிச் சொல்ல மனம் வரவில்லை. துரு ஏற்கெனவே தொடங்கிவிட்டது. பின்பக்கத்து முனைகளும் உப்புக் காற்றைக் குடித்திருக்கும். மேக்னட்ரான் புதிதாக இருக்கும், அதைத் தாங்கும் பெட்டி பழசாக இருக்கும். அந்தக் காசோடு இன்னொரு பங்கைப் போட்டுச் சின்ன சோலோ வாங்கிக்கொள்ளுங்கள். மகன் வாங்கித் தந்தே தீருவேன் என்றால் அதையே கேளுங்கள்.

மேக்னட்ரானையே மாற்றுவதாக முடிவானால் இரண்டு விஷயம். பழைய பாகத்தில் பொறித்திருக்கும் எண்ணைப் பாருங்கள். 2எம்214 என்பது போல இருக்கும். புதியதன் எண்ணும், முனை நீட்டிக்கொண்டிருக்கும் திசையும் ஒத்துப்போக வேண்டும். தலையைச் சுற்றி உலோகக் கம்பியால் பின்னிய ஒரு வளையம் இருக்கும். புதியதோடு வரும் வளையம் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று ஐயா கண்ணால் பார்க்கட்டும். அது இல்லாமல் பொருத்தினால் தீப்பொறி பறக்கும், அலையும் கசியும். கழற்றிய பழசைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் உடைத்துப் பார்க்க வேண்டாம். சிலவற்றின் பீங்கானில் பெரிலியம் ஆக்சைடு இருக்கலாம், அதன் தூள் நுரையீரலுக்கு ஆகாது.

புதிது வாங்குகிற எல்லோருக்கும் நான் சொல்லும் ஒரு கதை இருக்கிறது. இரண்டு வருடத்துக்கு முன் ஒரு வீட்டில் புது மைக்ரோவேவ் வந்து இறங்கிய அன்று பழையதை எடுத்துப்போகச் சொல்லிக் கூப்பிட்டார்கள். “உள்ளே பட்டாசு போல வெடிக்கிறது, வேண்டவே வேண்டாம்” என்றார் அந்த அம்மா. கதவைத் திறந்தேன். உள்ளே வலது சுவரில் சாம்பல் நிறத்தில் சீட்டுக்கட்டு அளவுக்கு ஓர் அட்டை, மைக்கா ஷீட். அதில் தெறித்த சாம்பார்ப் பருப்பு ஒன்று காய்ந்து கரியாகி, கரியில் மின்சாரம் பாய்ந்து, மிளகு அளவுக்கு எரிந்த ஓட்டை. கத்தரிக்கோலால் புது மைக்காவை அளவுக்கு வெட்டிச் செருகினேன். கூலியைச் சேர்க்காவிட்டால் நூறு ரூபாய் வேலை. அப்போதே சொன்னேன். “அடடா, புதிது வந்துவிட்டதே” என்றார்கள். அந்தப் பெட்டிதான் இன்றும் என் கடையில் டீ சுடவைக்கிறது. இப்போதும் மாதம் ஒரு முறை அந்தச் சுவரை ஈரத்துணியால் துடைக்கிறேன். நீங்களும் துடையுங்கள்.

பழையதைக் கழிப்பதானால் தெருவில் வரும் பழைய இரும்புக்காரரிடம் போட வேண்டாம். அவர் செம்புக்காகச் சுத்தியலால் உடைப்பார். அந்தக் கெபாசிட்டர் யார் என்று அவருக்குத் தெரியாது. புதிது வாங்கும் கடையில் எக்சேஞ்சுக்குக் கொடுங்கள், அல்லது மின்னணுக் கழிவை எடுக்க உரிமம் பெற்றவர்களிடம் கொடுங்கள். ஐயா அந்த டிரான்ஸ்பார்மரை எடுத்து வெல்டிங் இயந்திரம் செய்யப்போகிறேன் என்று ஆரம்பித்தால் எனக்கு இன்னொரு கடிதம் எழுதுங்கள், நான் நேரிலேயே வருகிறேன்.

பழுது பார்த்தாலும் புதிது வாங்கினாலும் ஒரு சோதனை செய்து குறித்து வையுங்கள். கண்ணாடிப் பாத்திரத்தில் ஒரு லிட்டர் தண்ணீர், முழுச் சக்தியில் சரியாக இரண்டு நிமிடம். வைக்கும் முன்பும் எடுத்துக் கலக்கிய பின்பும் சமையல் வெப்பமானியால் அளந்து, ஏறிய டிகிரியை 35 ஆல் பெருக்குங்கள். 28 டிகிரித் தண்ணீர் 51 ஆனால் ஏற்றம் 23. பெருக்கினால் 805 வாட். பாத்திரம் குடிக்கும் சூட்டைக் கழித்தால் 900 வாட் பெட்டிக்கு இது நல்ல மதிப்பெண். 20 லிட்டர் சோலோவில் பெரும்பாலும் 700, 800 வாட்தான் இருக்கும். ஏற்றமும் அதற்கேற்பக் குறையும். முதல் நாள் வந்த தொகையில் பாதிதான் வருகிறது என்றால் அன்று மேக்னட்ரானைச் சந்தேகிக்கலாம். மாலை நேரத்தில் வோல்டேஜ் குறையும் வீடாக இருந்தால் பகலில் செய்யுங்கள்; இல்லாவிட்டால் மின்வாரியத்தின் குறை பெட்டியின் தலையில் விழும்.

கடைசியாக அந்த அப்பளம். ஒற்றை அப்பளத்தை வைத்து ஓட்டுவது ஏறத்தாழக் காலிப் பெட்டியை ஓட்டுவது போல. அலையை உறிஞ்ச உள்ளே சரக்கு இல்லாததால் அது திரும்பி மேக்னட்ரானையே சுடும். நான்கைந்தாக வட்டமாக அடுக்கிச் சுடுங்கள். ஒன்றுதான் வேண்டும் என்றால் அடுப்புத் தணலில் காட்டுவதே சுவை.